ஹாலை இரண்டாகப் பிரிக்க ஸ்கிரீன் போதுமா? பீரோ, பிளைவுட், ஜிப்சம் தடுப்புகளோடு ஓர் ஒப்பீடு

சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் நாலு பேர் இருந்தால், என்றாவது ஒரு நாள் ஹாலைத் தடுக்கும் பேச்சு வந்தே தீரும். பையன் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பான். அல்லது ஊரிலிருந்து அம்மா நிரந்தரமாகவே வந்து தங்கப்போகிறார். அல்லது வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை. இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போனால் வாடகை எகிறும், பள்ளிக்கூடம் தூரமாகிவிடும். சரி, இருக்கிற ஹாலையே இரண்டாக்கிவிடலாம் என்று முடிவாகும். எதைக் கொண்டு தடுப்பது என்று வரும்போது வீட்டுக்குள் ஆளுக்கொரு கட்சி.

பெரும்பாலும் பேச்சு விலையில்தான் தொடங்குகிறது. நான் வேறு கேள்வியில் தொடங்கச் சொல்வேன். எதைத் தடுக்க வேண்டும்? பார்வையையா, வெளிச்சத்தையா, ஏசிக் குளிரையா, சத்தத்தையா, சமையல் வாசனையையா? ஸ்கிரீன், அதாவது துணித் திரை, பார்வையை நன்றாகவே மறைக்கும். வெளிச்சத்தையும் குளிரையும் துணியின் கனத்துக்கு ஏற்பக் குறைக்கும். சத்தத்தை ஏறக்குறையத் தடுக்கவே தடுக்காது. வாசனையை நிறுத்துவதற்குப் பதில் தானே வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாள் கழித்தும் தாளித்த வெங்காயமாக மணக்கும்.

பார்வை மட்டும் மறைந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2011இல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, மக்கள் விளையாட்டுக் கூடங்களில் கும்பலாகத் தங்க நேர்ந்தபோது, கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் காகிதக் குழாய்களைச் சட்டமாக நிறுத்தி, துணித் திரைகளைத் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு அமைத்துக் கொடுத்தார். பக்கத்துக் குடும்பத்தின் இருமல் அப்படியே கேட்கத்தான் செய்யும். ஆனால் உடை மாற்றலாம், யார் கண்ணிலும் படாமல் படுக்கலாம். துணித் தடுப்பு என்றால் வசதி இல்லாதவர்களின் சமாளிப்பு என்றும் இல்லை. செக் நாட்டின் பிர்னோ நகரில் 1930இல் கட்டி முடித்த டூகன்தாட் மாளிகையில், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவும் வடிவமைப்பாளர் லில்லி ரைக்கும் அந்தப் பெரிய கூடத்தைப் பட்டுத் திரையும் வெல்வெட் திரையும் கொண்டுதான் பகுத்தார்கள். பணம் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை.

முதலில் தலைக்கு மேல் பாருங்கள்

நம் ஊரில் இந்த முடிவை எடுப்பது துணியும் மரமும் அல்ல, ஃபேன். வெளிநாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்து ஹாலின் நட்டநடுவே திரை போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். 10 அடிக்கு 16 அடி ஹால் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் சரியாக நடுவில், 8 அடியில் தொங்கும். பாதியாகப் பிரிக்க வேண்டிய கோடும் அதே 8 அடிதான். வழக்கமான 48 அங்குல ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து 2 அடி நீளும். துணி காற்றில் உப்பும் என்பதால் இறக்கை நுனியிலிருந்து இன்னும் ஒன்றரை அடியாவது தள்ளித்தான் திரை வர வேண்டும். ஆக, மையத்திலிருந்து மூன்றரை அடிக்குள் எதையும் தொங்கவிட முடியாது. ஹால் சரிபாதியாகப் பிரியாது. ஒரு பக்கம் நாலரை அடி, இன்னொரு பக்கம் பதினொன்றரை அடி என்றுதான் பிரியும்.

நாலரை அடி கேவலமில்லை. 4 அடி அகலக் கட்டில் அதில் உட்காரும். கட்டிலின் நீளம் ஆறேகால் அடி, ஹாலின் அகலம் 10 அடி. மிச்சமுள்ள மூன்றே முக்கால் அடியில் ஒரு சின்ன மேஜையோ துணி அலமாரியோ வைக்கலாம். ஆனால் அந்தப் பகுதியில் ஃபேன் இல்லை. மே மாதத்துச் சென்னையில் ஃபேன் இல்லாத பகுதி அறை ஆகாது, சாமான் போடும் இடமாகத்தான் ஆகும். அதனால்தான் கூரை வரை எழும் எந்தத் திடத் தடுப்பும் ஒரு தடுப்போடு முடிவதில்லை. ஃபேனை இடம் மாற்ற வேண்டும், இன்னொரு ஃபேனுக்கு ஒயர் இழுக்க வேண்டும், ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று சண்டை போட வேண்டும். ஃபேன் கொக்கி கான்கிரீட்டில் பதித்தது. இடம் மாற்றினால் ஸ்லாபில் ஆங்கர் அடித்து, வெளியே தெரிகிற மாதிரி கேசிங் ஒட்டி ஒயர் கொண்டுபோக வேண்டும். ஹவுஸ் ஓனரிடம் கேட்காமல் செய்யக்கூடிய வேலையில்லை இது.

இதற்கு ஒரு எளிய வழியை மருத்துவமனை வார்டுகளில் பார்க்கலாம். கட்டிலைச் சுற்றி ஓடும் திரையின் மேல்பகுதி, சுமார் ஒன்றரை அடிக்கு, வலைத்துணியாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே போகும். தீயணைப்புக்கான தண்ணீர்த் தெளிப்பான் உள்ள இடங்களில் தண்ணீரும் தடையில்லாமல் விழும். இதே அமைப்பை வீட்டுக்குச் செய்துகொள்ளலாம். மேலே ஒன்றரை முதல் 2 அடி வரை கொசுவலை மாதிரியான துணி, கீழே கனத்த துணி. எந்த ஸ்கிரீன் தையல்காரரும் தைத்துக் கொடுப்பார். ஹாலில் இருக்கிற ஒரே ஃபேனின் காற்று இரண்டு பக்கமும் ஓரளவு போகும், ஒரே டியூப் லைட் இரண்டு பக்கமும் உதவும். நின்றால்கூட எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் வலை இருப்பதால் மறைப்பும் கெடாது. இத்தனை சுலபமான ஏற்பாட்டை வீடுகளில் அதிகம் பார்க்க முடிவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஹாலில் ஏசி வைத்திருப்பவர்களுக்கு இது நேர்மாறு. வலையே வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தேங்கும், திரையின் அடியில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் முதலில் வெளியேறும். அவர்களுக்குத் துணி தரையைத் தொட வேண்டும், இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி முடிய வேண்டும்.

ஸ்கிரீன்: எதில் ஜெயிக்கிறது

ஸ்கிரீனின் பெரிய பலம் விலை அல்ல. பகலில் அது இல்லாமல் போய்விடும் என்பதுதான். ஹாலுக்கு ஜன்னலோ பால்கனியோ பெரும்பாலும் ஒரு கோடியில்தான் இருக்கும், வாசல் கதவு மறு கோடியில். நிரந்தரமாகத் தடுத்தால் ஒரு பாதி பகலிலும் இருட்டு. தேசியக் கட்டட விதிகளின் கணக்குப்படி, இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. நம் 10க்கு 16 ஹால் மொத்தமே 14.9 சதுர மீட்டர்தான். சரிபாதி பிரித்தால்கூடப் பாதிக்கு 7.4. அதாவது இரண்டு அறையாக இருக்கும் அளவு அந்த ஹாலுக்கு இல்லை. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை இரண்டாக இருக்கலாம், அவ்வளவுதான். அந்த எட்டு மணி நேரத்துக்கு ஸ்கிரீனை விட்டால் சரியான ஆள் இல்லை.

இனி மாட்டுகிற விவரம். இங்கேதான் பலரும் ஜன்னல் ஸ்கிரீன் மாதிரியே நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஜன்னலுக்குப் போடும் ராடு 10 அடிக்குச் சரிவராது. நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் வளையும். நடுவில் பிராக்கெட் வைத்தால் ரிங் வைத்த ஸ்கிரீன் அதைத் தாண்டி நகராது. அறையைப் பிரிக்கும் திரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தடங்கலின்றி ஓட வேண்டும் என்றால் சீலிங்கில் அலுமினிய டிராக்தான் வழி. ரன்னரும் கொக்கியும் போட்டது. சுவருக்குச் சுவர் முட்டுக்கொடுத்து நிற்கும் ஸ்பிரிங் ராடு துளை போடாமல் வேலை முடிக்கும் என்று இணையக் கடைகளில் விற்கிறார்கள். பாத்ரூம் வாசலுக்கும் நாலு அடிச் சந்துக்கும் அது சரி. 10 அடிக்கும், அதில் தொங்கப்போகிற எடைக்கும் தாங்காது.

எடை எவ்வளவு? திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால் இடத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். 10 அடிக்கு 20 அடி. துணியின் அகலம் 4 அடி என்றால் ஐந்து பட்டி. உயரம் ஒன்பதரை அடி, மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் ஓர் அடி, ஆக பட்டிக்குப் பத்தரை அடி. மொத்தம் ஐம்பத்திரண்டரை அடி, அதாவது 16 மீட்டர். மீட்டர் 200 ரூபாய்த் துணி என்றால் துணிக்கு மட்டும் 3,200 ரூபாய். தையல் கூலியும் டிராக்கும் தனி. சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள கனத்த துணியானால் முழுத் திரையும் 5 கிலோ வரும். ஆறரைக் கிலோ வாஷிங் மெஷினில் இதை ஒரே தடவையில் அடைக்க வேண்டாம், இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். மொட்டை மாடியில் காய வைக்க இடம் இருக்கிறதா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ரெடிமேடாக வாங்கினால் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, நீளக் கதவுக்கு 9 அடி என்றுதான் கிடைக்கும். சீலிங் ஒன்பதரை அடியிலிருந்தால் 9 அடித் துணி தரைக்கு அரை அடி மேலேயே நின்றுவிடும். பார்ப்பதற்குக் குட்டையான பாவாடை மாதிரி இருந்தாலும் மறைப்புக்குப் பாதகமில்லை, தரை துடைக்க வசதிகூட. ஏசிக்காரர்களுக்கு மட்டும் ஆகாது.

ஜன்னல் திரைக்கும் அறைத் திரைக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார். ஜன்னல் திரையின் பின்பக்கத்தைத் தெருதான் பார்க்கிறது. அறைத் திரைக்கோ இரண்டு பக்கமும் வீட்டு ஆள். அச்சடித்த பூப்போட்ட துணி ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் வெளுத்துப்போனது போலவும் தெரியும். பின்பக்கம் வெள்ளைப் பூச்சு பூசிய இருட்டுத் துணியும் அப்படித்தான். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம், கோடு, ஒற்றை நிறத் துணிகள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். வீட்டுத் துணிகளுக்குப் பேர்போன கரூர் பக்கத்துப் பருத்தித் துணிகளில் இந்த வகை நிறையவே உண்டு. சென்னையில் பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்தக் கடைகளில் தேடலாம். பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். நூற்றுக்கு நாலு பங்கு என்றாலே ஒன்பதரை அடியில் நாலரை அங்குலம் போய்விடும். தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், அல்லது கீழ் மடிப்பைப் பெரிதாக விடச் சொல்லுங்கள்.

மெல்லிய துணியை எடுத்துவிட்டு, பின்னால் லைட் போட்டால் தோல்பாவைக் கூத்துதான். உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்பது அப்படியே நிழலாக விழும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம்தான் மறுபக்கத்துக்குத் தெரியும். இரவில் ஒருவர் படிக்க, ஒருவர் தூங்க என்றால் கனத்த துணிதான் வேண்டும். அதோடு மேஜை விளக்கைத் திரைக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும்.

வாடகை வீட்டில் சீலிங் துளை பற்றிப் பயம் இருக்கும். 10 அடி டிராக்குக்கு 2 அடிக்கு ஒரு ஸ்குரூ, மொத்தம் ஆறு துளை. காலி செய்யும்போது வால் புட்டியோ வெள்ளைச் சிமெண்டோ வைத்து அடைத்துவிடலாம். அட்வான்ஸில் கழிப்பதற்கு இது ஒரு காரணமாகக் கூடாது என்று முன்கூட்டியே ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே. துளை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், ஃபேனுக்குப் போகும் ஒயர் பைப் ஸ்லாபுக்குள்தான் ஓடுகிறது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் வெறும் போர்டில் ஸ்குரூ பிடிக்காது. உள்ளே கம்பிச் சட்டம் ஓடும் இடம் பார்த்து அடிக்க வேண்டும்.

எதில் தோற்கிறது

சத்தத்தில். கனமான திரை போட்டால் சத்தம் குறையும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துணி செய்வது அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது, சத்தத்தை மறுபக்கம் போகவிடாமல் நிறுத்துவதல்ல. சத்தத்தை நிறுத்துவது எடையும் இடுக்கில்லாத அடைப்பும். துணியில் இரண்டும் இல்லை. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் அளவில் இருக்கும். இரும்புச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒற்றை ஜிப்சம் போர்டு அடித்த தடுப்பு சுமார் 35 டெசிபல் குறைக்கும், உள்ளே கம்பளி மாதிரியான பஞ்சு அடைத்தால் 40ஐத் தாண்டும். திரை குறைப்பது ஒற்றை இலக்கத்தில்தான். 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதாகவே தோன்றும். ஆக, திரைக்கு அந்தப் பக்கம் சீரியல் ஓடினால் வசனம் முழுக்கக் கேட்கும்.

பூட்டும் கிடையாது, தட்டுவதற்குக் கதவும் கிடையாது. பெரியவர்கள் இருமிக்கொண்டு வருவார்கள், குழந்தைகள் அப்படியே நுழைந்துவிடுவார்கள்.

பீரோவும் ஸ்கிரீனும் சேர்ந்தால்

எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஸ்டீல் பீரோ ஏறக்குறைய ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். எப்படியும் வீட்டில் எங்கோ ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுவரிலிருந்து எடுத்து, பிரிக்கும் கோட்டில் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினால் 10 அடியில் 3 அடி மறைந்துவிட்டது. மீதி ஏழு அடிக்கு மட்டும் திரை. துணியும் குறையும், எடையும் குறையும், கட்டிலின் தலைமாட்டில் திடமான ஒரு மறைப்பும் கிடைக்கும். பீரோவுக்கு மேலே மூன்று அடி திறந்திருப்பதால் காற்றுக்கும் தடையில்லை.

முதுகுப் பக்கம் அழகாக இருக்காது என்பார்கள். இரும்புத் தகடு என்பதால் காந்தம் ஒட்டும். படிக்கிற பிள்ளை இருந்தால் டைம் டேபிள், பார்முலா எல்லாம் காந்தம் வைத்து ஒட்டிவிடலாம். இல்லையா, பெட்ஷீட் ஒன்றை இழுத்துப் போர்த்தினால் போதும். தரை மட்டமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ஆட்டமிருந்தால் காலுக்கு அடியில் கட்டை கொடுக்க வேண்டும்.

புத்தக அலமாரியைத் தடுப்பாக வைப்பதும் இதே யோசனைதான், ஆனால் கொஞ்சம் ஆபத்து. உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் ரேக்கில் குழந்தை ஏறினால் கவிழும். ஒரு பக்கமாவது சுவரோடு எல் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். அகலம் முழுக்க அலமாரியே என்று போகாதீர்கள். ஒன்றரை அடி ஆழத்தில் 10 அடிக்கு நிறுத்தினால் 15 சதுர அடி போய்விடும், 160 சதுர அடி ஹாலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

பிளைவுட், ஜிப்சம், செங்கல்

பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. சீலிங் ஒன்பதரை அடி. மேலே ஒன்றரை அடிக்கு ஒட்டுப் போடலாம், அல்லது அப்படியே காற்றுக்கு விட்டுவிடலாம். விட்டுவிடுவதுதான் நல்லது. ஆசாரி சதுர அடிக் கணக்கில் ரேட் சொல்வார். அது ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கத்துக்குமா, மைக்கா ஒட்டுவதும் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 10 அடிக்கு 8 அடி என்றால் ஒரு பக்கம் 80, இரண்டு பக்கம் 160. பில் போடும்போது இரட்டிப்பாகிற இடம் இதுதான். காலி செய்யும்போது வெட்டிய பிளைவுட்டுக்குப் பெரிதாக விலை கிடைக்காது. கீழ்த்தளம் என்றால் கரையானையும் கணக்கில் சேருங்கள்.

ஜிப்சம் தடுப்பு சொந்த வீட்டுக்காரர்களுக்கானது. இரும்புச் சட்டத்தின் இரண்டு பக்கமும் 12.5 மில்லிமீட்டர் போர்டு அடித்து, மொத்தம் 3 அங்குலம் கனத்தில் முடிந்துவிடும். இரண்டு மூன்று நாள் வேலை, தண்ணீர் ஊற்றிக் காய வைக்கும் தொல்லை இல்லை. இந்தப் பட்டியலில் சத்தத்தை உண்மையிலேயே நிறுத்துவது இதுவும் செங்கலும்தான், அதுவும் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்காமல் ஸ்லாப் வரை போனால். கதவின் அடியில் அரை அங்குல இடுக்கு விட்டால் செலவழித்த சத்தத் தடுப்பில் பாதி அந்த இடுக்கில் போய்விடும். டிவி மாட்டுவதாக இருந்தால் போர்டுக்குப் பின்னால் அந்த இடத்தில் பிளைவுட் வைக்கச் சொல்ல வேண்டும், வெறும் போர்டு தாங்காது.

தண்ணீர் என்றால் ஜிப்சத்துக்கு ஆகாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கீழ்த்தள வீடுகளில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். ஊறிய போர்டை உரித்து எறிவதைத் தவிர வழியில்லை. அந்தப் பகுதிக் கீழ்த்தளத்தில் சொந்த வீடே ஆனாலும் நான் ஸ்கிரீனைத்தான் சொல்வேன். கழற்றித் துவைத்து மாட்டிவிடலாம்.

செங்கல் பற்றி ஒரு வரி போதும். நாலரை அங்குலச் சுவர் 10 அடிக்கு ஒன்பதரை அடி எழுப்பினால் பூச்சோடு சுமார் இரண்டு டன். கீழே பீம் இருக்கிறதா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அடுக்குமாடியில் அந்தப் பேச்சே வேண்டாம்.

மடக்குத் திரை, அதாவது மரச்சட்டத்தில் மூன்று நாலு பலகை கோர்த்து நிற்பது, 6 அடி உயரம்தான். வீடியோ காலில் முதுகுக்குப் பின்னால் துணிக்கொடி தெரியாமல் மறைக்க நல்ல சாமான். அறை பிரிக்க உதவாது. பிவிசி மடக்குக் கதவு சமையலறை, பாத்ரூம் வாசல் அளவுக்குச் சரி, 10 அடிக்கு இழுத்தால் தொங்கும்.

யாருக்கு எது

இங்கே ஒரு விஷயம். வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல கதவு இருக்கிறது, படுக்கையறைக் கதவு. செங்கல் சுவரும் மரக் கதவும் உள்ள அந்த ஒரே அறையைப் பழக்க தோஷத்தில் அப்பா அம்மாவுக்கு ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாத இடம் தேவைப்படுகிறவரை ஹாலில் துணிக்குப் பின்னால் உட்கார வைக்கிறோம். தடுப்பு வாங்கும் முன் யார் எங்கே என்பதை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு பிள்ளை இருந்தால் படுக்கையறையை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பெற்றோர் ஹாலில் திரைக்குப் பின்னால் படுக்கலாம். தூங்குவதற்கு வேண்டியது மறைப்பும் இருட்டும், அதைத் துணி தரும். படிப்பதற்கு வேண்டியது அமைதி, அதைத் துணி தராது. வீட்டிலிருந்து வேலை என்றாலும் இதே கணக்குதான். பகலில் படுக்கையறை காலியாகத்தானே கிடக்கிறது, மீட்டிங் அங்கே. ஹாலைத் தொடவே வேண்டாம். புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கும் வீட்டில் கதவு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வயதானவர் ஹாலில் படுக்கிறார் என்றால் ஸ்கிரீனை ரொம்பவும் யோசித்துப் போட வேண்டும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவர் தடுமாறினால் கைக்கு எட்டுவதைப் பிடிப்பார். துணியைப் பிடித்தால் டிராக்கோடு வரும், மடக்குத் திரையைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து விழும். பாத்ரூம் பக்கம் போகும் வழியில் பீரோவின் ஓரமோ சுவரோ கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும், திரை அந்தப் பக்கம் திறக்கட்டும், கீழ் விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலேயே நிற்கட்டும். கால் சிக்கக் கூடாது. அவர் பக்கம் எட்டுகிற தூரத்தில் ஒரு லைட் ஸ்விட்சும் வேண்டும். இத்தனையும் முடியாதென்றால் அவருக்குத்தான் படுக்கையறை.

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் கட்டிலுக்குக் கட்டில் திரை போடுகிறார்கள். நாலு திரையும் சேர்ந்து ஒரே ஃபேனின் காற்றை மொத்தமாக மறித்துவிடும். அங்கே மேல்பக்க வலை இல்லாமல் தூங்கவே முடியாது. அதோடு ஆளுக்கொரு டேபிள் ஃபேன், அதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஒயர்கள் துணிக்கு அடியில் ஓடத் தொடங்கும். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

திறந்த சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஸ்கிரீன் போடுவது ஒன்றுதான் நான் முழுக்க வேண்டாம் என்கிற விஷயம். வாசனை நிற்காது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அடுப்புப் பக்கம் பறந்தால் தீ. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ போடுவது அதே பணத்துக்கு நல்ல வேலை.

வாங்கும் வரிசை

பிரிக்க நினைக்கும் கோட்டில், ஒரு பக்கச் சுவர் ஆணியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரை ஒரு கொடிக்கயிறு கட்டி, பழைய புடவையோ பெட்ஷீட்டோ போட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். ஃபேன் ஓடும்போது துணி எங்கே போகிறது, ராத்திரி யாருக்கு எந்தப் பக்கம் ஸ்விட்ச் வேண்டும், காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகிறவர் யாரைத் தாண்டிப் போகிறார் என்பதெல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். கோடு அரை அடி நகரும், சில வீடுகளில் திட்டமே மாறும். அதற்குப் பிறகு பீரோவை நகர்த்துங்கள், டிராக் மாட்டுங்கள். துணி கடைசியில்தான். ரன்னர் கொக்கியிலிருந்து தரை வரை இரண்டு மூலையிலும் நடுவிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அதில் சிறிய அளவைத் தையல்காரரிடம் கொடுங்கள்.